வந்தவாசிச் சண்டையை உள்ளூர்ச் சண்டை என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் எங்கள் ஊர்க் கோட்டையைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். சந்தோஷம். வந்தவாசி என்றால் கோரைப்பாய், அதை விட்டால் பேருந்து மாறும் இடம் என்று மட்டும் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு கோட்டையும் இருக்கிறது என்றாவது தெரிந்திருக்கும். ஆனால் கட்டுரையில் ஒரு வரி இரண்டு நாளாக மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'இரண்டு வெள்ளைக்கார வியாபாரக் கம்பெனிகளுக்குள் நடந்த உள்ளூர்ச் சண்டை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த பக்கத்திலேயே வேறொருவர், பூமி முழுக்கப் பரவிய போர் என்றால் அது 1914இல்தான் முதன்முதலில் வந்தது என்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்ததால் வந்த வினை இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான். வெட்டுவதானால் நடுவில் வெட்டுங்கள், கடைசியில் ஒரு திருத்தம் இருக்கிறது, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் வரலாற்று ஆசிரியர் இல்லை, பாய் வியாபாரி. பள்ளியில் எங்களுக்கும் 'மூன்றாம் கர்நாடகப் போரின் காரணங்கள், போக்கு, விளைவுகள்' என்று ஒரு கேள்வி உண்டு, மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்தோம். வேறொரு வகுப்பில், வேறொரு பாடத்தில், ஐரோப்பாவின் 'ஏழாண்டுப் போர்' என்று இன்னொரு கேள்வி. இரண்டும் 1756இல் தொடங்கி 1763இல் முடிகின்றனவே என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை, சொல்ல வாத்தியாருக்கும் தோன்றவில்லை. இரண்டும் ஒரே போர் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. பிரஷ்யாவில் (ஜெர்மானிய மண்ணில் இருந்த ஒரு அரசு), கனடாவில், கரீபியத் தீவுகளில், மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில், கியூபாவின் ஹவானாவில், பிலிப்பைன்ஸின் மணிலாவில் நடந்த அதே போரின் ஒரு நாள் சண்டைதான் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே எங்கள் ஊருக்கு வெளியே நடந்தது. பெரிய வரலாற்றாசிரியர்கள் சிலரே இதைத்தான் உண்மையில் முதல் உலகப் போர் என்று சொல்ல வேண்டும் என்கிறார்கள். நீங்கள் அப்படி அழைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 'உள்ளூர்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

காரணத்துக்கு வருவோம். 1740இல் பிரஷ்யாவின் அரசன் இரண்டாம் பிரெடெரிக், ஆஸ்திரியாவின் மரியா தெரசாவிடமிருந்து சைலீசியா என்ற வளமான மாகாணத்தைப் பிடுங்கிக்கொண்டான். அதில் தொடங்கிய எட்டு வருடப் போரில் இங்கிலாந்தும் பிரான்சும் எதிரெதிர்ப் பக்கம். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் கடல் வழியாக வந்து சென்னையைப் பிடித்தார்கள். 1748இல் சமாதானம் பேசியபோது சென்னை எப்படித் திரும்பியது தெரியுமா? கனடாக் கரையில் லூயிஸ்பர்க் என்று ஒரு பிரெஞ்சுக் கோட்டை. அதை ஆங்கிலேயர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். அதைக் கொடு, இதைத் தருகிறேன் என்று மாற்றிக்கொண்டார்கள். சென்னைப்பட்டினத்தில் நெசவு நெய்துகொண்டிருந்தவனுக்கு, தன் ஊர் பனி கொட்டும் ஒரு மீன்பிடித் தீவோடு பண்டமாற்றாகப் போயிற்று என்பது தெரிந்திருக்குமா என்ன. உலகப் போர் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

அந்தச் சமாதானம் யாருக்கும் பிடிக்கவில்லை. மரியா தெரசாவுக்கு சைலீசியா திரும்ப வேண்டும். இங்கே ஆற்காட்டு நவாப் பதவிக்கு ஆங்கிலேயர் முகமது அலியையும், பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிப்பையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தாய் நாடுகள் சமாதானமாக இருக்கும்போதே அடித்துக்கொண்டார்கள். (இந்தக் கட்டத்துக்கு வேண்டுமானால் 'கம்பெனிச் சண்டை' என்ற உங்கள் சொல் பொருந்தும்.) அமெரிக்காவில் ஓஹையோ ஆற்றுப் பள்ளத்தாக்கு யாருக்கு என்று தகராறு. 1754 மே 28ஆம் தேதி அங்கே ஒரு காட்டில் சிறு பிரெஞ்சுக் கூட்டத்தின்மேல் சுட உத்தரவிட்ட வர்ஜீனியாப் படை அதிகாரிக்கு வயது 22. பெயர் ஜார்ஜ் வாஷிங்டன். ஆம், அதே வாஷிங்டன்தான். அங்கே பற்றியது அப்புறம் அணையவே இல்லை.

1756இல் ஐரோப்பாவில் கூட்டணிகள் தலைகீழாக மாறின. ஜனவரியில் இங்கிலாந்து பிரஷ்யாவோடு கைகோத்தது. மே மாதம், தலைமுறை தலைமுறையாகப் பகைத்துக்கொண்ட பிரான்சும் ஆஸ்திரியாவும் ஒன்று சேர்ந்தன, ரஷ்யாவும் அந்தப் பக்கம் போயிற்று. நம் ஊர்த் தேர்தல் கூட்டணிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. அதே மே மாதம் இங்கிலாந்து பிரான்சின் மீது போர் அறிவித்தது. ஆகஸ்ட் கடைசியில் பிரெடெரிக் முந்திக்கொண்டு பக்கத்து ஜெர்மானிய நாடான சாக்சனிக்குள் நுழைந்தான். அந்தச் செய்தி கப்பலேறிச் சோழமண்டலக் கரைக்கு வந்து சேரவே பல மாதம் ஆகும். அதுவரை கடலூரிலும் புதுச்சேரியிலும் இருந்த துரைமார்கள் தாங்கள் எதிரிகளா இல்லையா என்று தெரியாமலே ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு இருந்தார்கள்.

ஐரோப்பாவில் நடந்த சண்டைகளின் பெயர்களைப் பட்டியல் போட்டால் நீங்களே வெட்டிவிடுவீர்கள். சுருக்கமாகச் சொன்னால், பிரெடெரிக்கைச் சுற்றி மூன்று பெரிய அரசுகள். அவன் 1757 நவம்பரில் ராஸ்பாக்கில் பிரெஞ்சுக்காரர்களை அடித்தான், சரியாக ஒரு மாதம் கழித்து லாய்தனில் ஆஸ்திரியர்களை அடித்தான், 1759 ஆகஸ்டில் கூனர்ஸ்டார்ஃபில் ரஷ்யர்களிடமும் ஆஸ்திரியர்களிடமும் சேர்த்து அப்படி ஒரு உதை வாங்கினான், தற்கொலைதான் மிச்சம் என்கிற நிலைமை. 1760இல் எதிரிகள் பெர்லினுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். அவனைக் காப்பாற்றியது வீரமா என்றால் ஓரளவுதான். 1762 ஜனவரியில் ரஷ்யப் பேரரசி எலிசபெத் இறந்தார். அடுத்து வந்த மூன்றாம் பீட்டர் பிரெடெரிக்கின் பரம ரசிகர், உடனே சண்டையை நிறுத்திவிட்டார். இப்படி ஒரு அதிர்ஷ்டம் வாய்த்தால் யார்தான் 'மகா' பட்டம் வாங்க மாட்டார்கள்!

நான் சொல்ல வந்தது வேறு. பிரான்ஸ் தன் பணத்தையும் ஆட்களையும் ஜெர்மானிய மண்ணில் கொட்டிக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்தின் அமைச்சர் வில்லியம் பிட் வேறு கணக்குப் போட்டார். பிரெடெரிக்குக்கு வருடத்துக்கு 6,70,000 பவுண்டு கொடுத்துவிடு, அவன் பிரெஞ்சுக்காரர்களை அங்கே பிடித்து வைத்திருக்கட்டும், நாம் கடலைப் பிடிப்போம் என்பதுதான் அந்தக் கணக்கு. கடல் யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத்தான் ஆளும் வரும், சம்பளமும் வரும், அரிசியும் வரும். கடை வைத்திருக்கிறவனுக்கு இது சட்டென்று புரியும். சரக்கு லாரி வராத கடையில் முதலாளி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தால் என்ன?

அந்தக் கெட்டிக்கார முதலாளிதான் இங்கே பிரெஞ்சுப் படைக்குத் தலைவராக வந்த லாலி. உங்கள் கட்டுரை அவரை 'முன்கோபி, ஆணவக்காரர், அதனால் தோற்றார்' என்று இரண்டு வரியில் முடித்துவிட்டது. முன்கோபிதான், யார் இல்லை என்றது. ஆனால் அவர் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது 1757 மே மாதம், புதுச்சேரியில் கால் வைத்தது 1758 ஏப்ரல் 28. ஏறக்குறைய ஒரு வருடம் கடலில். அதற்குள் கிளைவ் சென்னையிலிருந்து கப்பலில் போய், கூடவே ஆயிரத்து ஐந்நூறு சிப்பாய்களையும் இங்கிருந்து கூட்டிப் போய், கல்கத்தாவை மீட்டு, பிரெஞ்சுச் சந்தர்நகரைப் பிடித்து, பிளாசியையும் முடித்துவிட்டார். வங்காளத்துப் பணம் அதற்குப் பிறகு சென்னைக்கு வரத் தொடங்கியது. லாலிக்கு எங்கிருந்தும் வரவில்லை.

வந்த வேகத்தில் கடலூரையும் தேவனாம்பட்டினம் கோட்டையையும் ஜூன் 2ஆம் தேதிக்குள் பிடித்துவிட்டார், அதை மறுக்க முடியாது. அடுத்தது சென்னைதான், ஆனால் கையில் காசு இல்லை, கப்பல்படைத் தலைவர் தாஷே ஒத்துழைக்கவில்லை. சரி, தஞ்சாவூர் ராஜா பிரதாபசிங்கன் எப்போதோ எழுதிக் கொடுத்த பழைய கடன் பத்திரம் ஒன்று இருக்கிறதே, அதை வசூல் பண்ணலாம் என்று படையோடு தெற்கே போனார். வழிக்குச் சோறு கிடையாது, வண்டி கிடையாது. ஊர்க்காரர்களைப் பிடித்து இழுத்து மூட்டை தூக்க வைத்தார்கள். நாகூரைச் சூறையாடினார்கள். கீவளூர்க் கோயிலில் புதையல் தேடிக் குடைந்தார்கள், அகப்பட்ட பிராமணர்களை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். தஞ்சைக் கோட்டையை உடைக்கப் போகிற நேரத்தில், காரைக்கால் பக்கம் கடலில் ஆங்கிலேயரிடம் தாஷே அடிவாங்கிவிட்டார் என்ற செய்தி வந்தது, ஆகஸ்டில் வெறுங்கையோடு திரும்பினார்கள். இதெல்லாம் நடந்த ஊர்கள் இன்றைக்கும் அதே பெயரில்தான் இருக்கின்றன, நாம் தினமும் அந்த வழியாகப் பேருந்தில் போகிறோம். உங்கள் கட்டுரையில் இந்த ஊர்களில் ஒன்றின் பெயர்கூட இல்லை.

1758 டிசம்பரில் சென்னை முற்றுகை. கறுப்பர் நகரம் என்று அப்போது சொல்லப்பட்ட பகுதியைப் பிடித்தவுடன் பிரெஞ்சுச் சிப்பாய்கள் சாராயக் கிடங்குகளில் புகுந்துவிட்டார்கள், பாதிப் படை தள்ளாடியது. இரண்டு மாதம் கோட்டைமேல் குண்டு விழுந்துகொண்டே இருந்தது, உள்ளே ஆங்கிலேயத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்சும் கவர்னர் பிகட்டும். வெளியே செங்கல்பட்டுப் பக்கமிருந்து பிரெஞ்சுப் படையின் சோற்று வழியை வெட்டிக்கொண்டே இருந்தவர்களில் முக்கியமானவர் யூசுப் கான், நாம் மருதநாயகம் என்று சொல்கிறவர். 1759 பிப்ரவரி 16ஆம் தேதி மாலை ஆங்கிலேயக் கப்பல்கள் கண்ணில் பட்டன. மறுநாளே லாலி முற்றுகையை விட்டுக் கிளம்பினார், பீரங்கிகள் பலவற்றை அப்படியே போட்டுவிட்டு. கப்பல் வந்தது, கதை முடிந்தது. அவ்வளவுதான்.

அந்த 1759ஆம் வருடத்தை உலகப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு பாருங்கள். செப்டம்பர் 10ஆம் தேதி நம் கரைக்கு வெளியே கடைசிக் கடற்சண்டை, அதற்கப்புறம் தாஷே மொரீஷியஸ் பக்கம் போனவர் திரும்பவே இல்லை. மூன்றே நாள் கழித்து, செப்டம்பர் 13, கனடாவின் கியூபெக் நகருக்கு வெளியே ஆபிரகாம் சமவெளியில் சண்டை. ஜெயித்த ஆங்கிலேயர் வுல்ஃப், தோற்ற பிரெஞ்சுக்காரர் மோன்கால்ம், இரண்டு தளபதிகளுமே அதில் பட்ட காயத்தில் செத்தார்கள், கியூபெக் விழுந்தது. அக்டோபரில் வந்தவாசியில் இருந்த பிரெஞ்சுக்கார வெள்ளைச் சிப்பாய்களே பல மாதச் சம்பளம் பாக்கி என்று கலகம் செய்து முகாமை விட்டு வெளியேறினார்கள். நவம்பர் 20, பிரான்சின் சொந்தக் கரையில் கிபரோன் குடாவில் புயலுக்கு நடுவே பிரெஞ்சுக் கடற்படையை ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஹாக் நாசம் செய்தார். அதற்கு இரண்டு மாதமும் இரண்டு நாளும் கழித்துத்தான் எங்கள் ஊர்ச் சண்டை. அதாவது ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் இங்கே வந்து அணிவகுத்து நிற்கும்போதே லாலிக்கு இனி எந்தக் கப்பலும் வரப் போவதில்லை. அது இருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சண்டை போட்டிருப்பார்களா என்று சில நேரம் கோட்டைப் பக்கம் நடக்கும்போது நினைப்பேன்.

அந்த நாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1759 செப்டம்பர் கடைசியில் பிரெர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த எங்கள் கோட்டையைப் பிடிக்க வந்து நிறைய ஆட்களைப் பறிகொடுத்துத் திரும்பினார். நவம்பர் கடைசியில் கூட் வந்து பிடித்தார், அடுத்துக் கருங்குழியையும் பிடித்தார். ஜனவரியில் லாலி காஞ்சிபுரத்தைச் சூறையாடிவிட்டு இங்கே வந்து கோட்டையை முற்றுகை போட்டார், அதை விடுவிக்கத்தான் கூட் திரும்பி வந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய இரண்டாயிரம் ஐரோப்பியர்கள். லாலிக்குத் துணையாக வந்த மராட்டியக் குதிரைப் படை, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு தள்ளியே நின்றுவிட்டது. சண்டையின் நடுவில் ஆங்கிலேயக் குண்டு ஒன்று பிரெஞ்சு வெடிமருந்து வண்டியில் விழுந்து வெடித்தது, அந்தப் பக்கம் நின்றவர்கள் கலைந்தார்கள், அந்த இடைவெளியில் கூட்டின் ஆட்கள் நுழைந்தார்கள். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கைதானார். ஒரு வேடிக்கை, கூட் பிறந்தது அயர்லாந்தில், லாலியின் அப்பாவும் அயர்லாந்திலிருந்து போனவர். எங்கள் ஊர் வயலில் அயர்லாந்து ரத்தம் இரண்டு பக்கமும் நின்றது.

இன்னொன்றும் உண்டு. அன்றைக்குச் சண்டையின் சுமை முழுக்க வெள்ளைக்காரர்களின் மேல்தான் விழுந்தது, நம் சிப்பாய்கள் பெரும்பாலும் பின்னால் நிறுத்தப்பட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்ததும் ஆங்கிலேயப் பக்கத்துச் சிப்பாய்களின் தலைவர்கள் கூட்டிடம் போய், இப்படி ஒரு சண்டையை நாங்கள் பார்த்ததே இல்லை, பார்க்க வைத்ததற்கு நன்றி என்று சொன்னார்களாம். அந்தக் காலத்து ஆங்கிலேய வரலாற்றிலேயே இது பதிவாகியிருக்கிறது. பெருமையாகச் சொன்னார்களா, குத்தலாகச் சொன்னார்களா? எனக்கு இரண்டும் கலந்து கேட்கிறது.

வந்தவாசிக்கு அப்புறம் சேத்துப்பட்டு, ஆற்காடு, திருவண்ணாமலை, பெருமுக்கல், ஆலம்பரை, காரைக்கால் என்று வரிசையாகப் போயின. மிச்சம் புதுச்சேரி. உங்கள் கட்டுரை இங்கே 'பின்னர் புதுச்சேரியும் வீழ்ந்தது' என்று மூன்றே சொல்லில் தாண்டிவிட்டது. நான் தாண்ட மாட்டேன், மன்னிக்கவும்.

1760இல் மழைக்காலத்துக்கு முன்னாலேயே ஊரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். நவம்பர் கடைசியில் கோட்டைக்குள் உணவு தீர்ந்து வரும்போது லாலி, உள்ளே மிச்சமிருந்த நம் ஆட்களை, வேலைக்காரர்கள் கொஞ்சம் பேர் தவிர, ஆண் பெண் குழந்தை என்று சுமார் 1,400 பேரை, வாசலைத் திறந்து வெளியே துரத்தினார். சோறு மிச்சப்படும் அல்லவா. எதிரே இருந்த ஆங்கிலேயக் காவல், உள்ளே திரும்பிப் போ என்று துப்பாக்கியை நீட்டியது. திரும்பி ஓடினால் கோட்டையிலிருந்து சுடுகிறார்கள். ஒரு வாரம் போல இரண்டு படைகளுக்கும் நடுவே வெட்டவெளியில், புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு கிடந்தார்கள். கடைசியில் கூட் மனமிரங்கிப் போகவிட்டார். மனமிரங்கியதைப் பதிவு செய்திருக்கிறார்கள், ஒரு வாரம் இரங்காமல் இருந்ததற்குக் காரணம் எழுதவில்லை. அந்த 1,400 பேரில் ஒருவர் பெயர்கூட எந்த நினைவுக்கல்லிலும் கிடையாது. லாலிக்கு புதுச்சேரியில் தெருவே இருக்கிறது.

1761 புத்தாண்டு அன்று பெரும்புயல். முற்றுகை போட்ட ஆங்கிலேயக் கப்பல்களில் பல மூழ்கின, ஆயிரம் பேருக்கு மேல் கடலோடு போனார்கள். அப்போதுகூட ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்திருந்தால் ஊர் பிழைத்திருக்கும். ஒன்றுகூட வரவில்லை. யானை, ஒட்டகம், நாய் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டு ஜனவரி 16ஆம் தேதி வாசலைத் திறந்துவிட்டார்கள். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்து இருபத்து நாலு வருடமாக நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை, சரியாக அதற்குச் சில நாட்களுக்கு முன்னால் அதே ஊரில் கண்ணை மூடினார். அப்புறம் ஆங்கிலேயர்கள் கோட்டையையும் கவர்னர் மாளிகையையும் ஊரையும் திட்டம் போட்டு இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்றைக்கு நாம் 'பழைய பிரெஞ்சு வீதி' என்று படம் எடுத்துக்கொள்வதெல்லாம் அந்த இடிபாட்டுக்குப் பிறகு கட்டியது.

போர் இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. 1762இல் ஸ்பெயினும் பிரான்ஸ் பக்கம் சேர்ந்தது. உடனே சென்னையிலிருந்து ஒரு படை மணிலாவுக்குக் கப்பலேறியது, தலைவர் வில்லியம் டிரேப்பர், நாலு வருடம் முன்பு சென்னை முற்றுகையில் உள்ளே இருந்தவர். கூடச் சில நூறு சென்னைச் சிப்பாய்கள். மணிலாவில் இருந்த ஸ்பானியர்களுக்குப் போர் தொடங்கியதே சரியாகத் தெரியாது. அக்டோபர் 6ஆம் தேதி நகரம் விழுந்தது. ஒன்றரை வருடம் கழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்போது சிப்பாய்களில் சிலர், சரிதான் போங்கள் என்று படையை விட்டு நழுவி அங்கேயே தங்கிவிட்டார்கள். மணிலாவுக்குப் பக்கத்தில் காயின்டா என்ற ஊரில் அவர்களுடைய வம்சத்தார் இன்றைக்கும் உண்டு. கடல் கடந்த தமிழர் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்களே, இவர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதக் கூடாதா? (அந்தச் சிப்பாய்களில் தெலுங்கர், முஸ்லிம்கள், எல்லோரும் கலந்துதான் இருந்திருப்பார்கள், 'தமிழர்' என்று மட்டும் தலைப்புப் போட்டுவிடாதீர்கள்.)

விளைவுகள். 1763 பிப்ரவரி 10, பாரிஸ் ஒப்பந்தம். ஐந்து நாள் கழித்து ஹூபர்ட்டஸ்பர்கில் ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் கையெழுத்துப் போட்டன, ஏழு வருடம் வெட்டிக்கொண்டு செத்த பிறகு சைலீசியா பிரெடெரிக்கிடமே இருந்தது, ஒரு அங்குலம் மாறவில்லை. பிரான்ஸ் கனடாவை விட்டுக் கொடுத்துவிட்டு, சர்க்கரை விளையும் குவாதலூப்பையும் மார்ட்டினிக்கையும் திருப்பி வாங்கிக்கொண்டது. கேட்டால் சிரிப்பு வரும், அன்றைய கணக்கில் அது நல்ல வியாபாரம். ஸ்பெயின் ஹவானாவுக்குப் பதிலாகப் புளோரிடாவைக் கொடுத்தது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பியது, ஊராக இல்லை, கல்லும் மண்ணுமாக.

அந்த ஒப்பந்தத்தின் பதினோராவது பிரிவை எல்லோரும் படிக்க வேண்டும். முகமது அலிதான் கர்நாடகத்தின் சட்டபூர்வ நவாப், சலாபத் ஜங்தான் தக்காணத்தின் சுபேதார், அதாவது ஆளுநர் என்று பாரிசில் உட்கார்ந்து இங்கிலாந்தும் பிரான்சும் ஸ்பெயினும் எழுதிக் கையெழுத்துப் போட்டன. இங்கே ஒருவரையும் கேட்கவில்லை. இதில் பெரிய கூத்து என்னவென்றால், சலாபத் ஜங்கை அவருடைய தம்பி ஏற்கெனவே பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் போட்டாயிற்று. செய்தி பாரிசுக்குப் போய்ச் சேரவில்லை. அதே வருடம் செப்டம்பரில் அவர் சிறையிலேயே கொல்லப்பட்டார், ஒப்பந்தப்படி 'சட்டபூர்வ' சுபேதாராக.

முகமது அலிக்குக் கிடைத்த பரிசு என்ன? போர்ச் செலவு. புதுச்சேரி முற்றுகைக்கு ஆன செலவையும் நவாப் கணக்கில்தான் எழுதினார்கள். கடனை அடைக்க வரி, வரியை வசூலிக்கப் படை, படைக்குச் சம்பளம் கொடுக்க மறுபடி கடன். 1763இல் செங்கல்பட்டுச் சீமை ஆங்கிலேயக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரியை அதுவே எடுத்துக்கொள்ளும் மானியமாகப் போயிற்று. தெற்கே பாளையக்காரர்கள்மேல் விழுந்த கப்பச் சுமையில் பாதியாவது இந்தப் போரின் பாக்கிதான் என்பது என் எண்ணம். சென்னையைக் காப்பாற்ற ஓடியாடிய யூசுப் கான், இந்த நவாபுக்குக் கீழே இருக்க மாட்டேன் என்று மதுரையில் நின்றார், தோற்றுப்போன பிரெஞ்சுக்காரர்களின் கொடியை ஏற்றிப் பார்த்தார், 1764 அக்டோபரில் தூக்கில் போட்டார்கள். லாலிக்கும் நல்ல சாவு இல்லை. 1766 மே மாதம் பாரிசில், துரோகி என்று சொல்லி, பேச முடியாதபடி வாயை அடைத்து, தலையை வெட்டினார்கள். கப்பல் அனுப்பாதவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜெயித்த இங்கிலாந்துக்கும் கடன் சும்மா விடவில்லை. போருக்கு முன் சுமார் ஏழரைக் கோடி பவுண்டாக இருந்த நாட்டுக் கடன் 13 கோடிக்கு மேல் போயிற்று. அதை அடைக்க 1765இல் அமெரிக்கர்கள் தலையில் முத்திரைத்தாள் வரி போட்டார்கள், பத்து வருடத்தில் அங்கே துப்பாக்கி வெடித்தது. முதலில் சுட்ட அதே வாஷிங்டன் இந்த முறை எதிர்ப்பக்கம். பிரான்சின் கடன் கதை 1789இல் எங்கே போய் முடிந்தது என்பதை உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் சேர்ந்த போரின் ஒரு துண்டைத்தான் நீங்கள் உள்ளூர்ச் சண்டை என்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்தக் கோட்டைப் பக்கம் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். அவர்களிடம் இது கியூபெக்கோடும் மணிலாவோடும் சேர்ந்த இடம்டா என்று சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். உங்கள் பத்திரிகையில் வந்தால் ஒருவேளை நம்புவார்கள்.

கடைசியாக அந்தத் திருத்தம். கட்டுரையில் சண்டை நடந்தது 1759 ஜனவரி 22 என்று அச்சாகியிருக்கிறது. 1760 ஜனவரி 22. 1759 ஜனவரியில் லாலி சென்னைக் கோட்டைமேல் குண்டு போட்டுக்கொண்டிருந்தார், இங்கே வர அவருக்கு நேரமில்லை. புஸ்ஸி படம் என்று நீங்கள் போட்டிருப்பது டூப்ளே. இரண்டையும் அடுத்த இணைப்பில் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பாய் வியாபாரி,
வந்தவாசி.